மெயிலுக்குள் யாரோ பதினாறு நாள் இருந்திருக்கிறார்கள், பாஸ்வேர்டு மாற்றினால் போதுமா?

வரைபலகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எதை விட்டுவிட்டால் விஷயம் புரியாமல் போகும் என்று எனக்கே தெரியவில்லை.

எங்களுடையது ஆறு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். கட்டட வரைபடங்கள் போட்டுக் கொடுக்கிறோம். போன வாரம், பல வருடமாக எங்களுக்கு வேலை தரும் ஒருவர் போன் செய்து "நீங்கள் சொன்ன புதுக் கணக்குக்கே பணம் போட்டுவிட்டேன், வந்து சேர்ந்ததா?" என்று கேட்டார். எந்தப் புதுக் கணக்கு என்று கேட்டேன். தனக்கு வந்த மெயிலை அப்படியே எனக்கு அனுப்பி வைத்தார். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் முகவரியில் இருந்துதான் போயிருக்கிறது. லெட்டர்ஹெட் எங்களுடையது, இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, நான் வழக்கமாக மெயிலை முடிக்கும் வரிகூட அப்படியே இருக்கிறது. வங்கிக் கணக்கு எண் மட்டும் மாறியிருக்கிறது. 'அனுப்பியவை' பகுதியில் தேடினால் அந்த மெயிலே இல்லை.

அப்புறம் செட்டிங்ஸைத் துழாவியபோது நான் போடாத ஒரு ஃபில்டர் இருந்தது. இன்வாய்ஸ், பேமெண்ட், வங்கி என்ற சொற்கள் உள்ள மெயில் எது வந்தாலும் எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு ஃபார்வர்டு ஆகிவிடும், என் இன்பாக்ஸில் இருந்து அழிந்தும் விடும். அட்மின் பக்கத்தில் லாகின் பதிவுகளைப் பார்த்தால் முதல் தடவை உள்ளே வந்து பதினாறு நாள் ஆகியிருக்கிறது. அத்தனை நாளும் எங்கள் மெயிலைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

எப்படி நுழைந்தார்கள் என்பதும் ஓரளவு தெரியும். அந்தப் பாஸ்வேர்டை நான் பல வருடம் முன்பு வேறு ஒரு தளத்திலும் போட்டிருந்தேன், அந்தத் தளத்தின் தகவல்கள் கசிந்ததாகப் பின்னால் ஒரு அறிவிப்பு வந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. தப்பு என்னுடையதுதான்.

வங்கிக்குச் சொல்லிவிட்டோம், புகாரும் கொடுத்தாயிற்று. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. கேட்பவர்கள் எல்லாம் ஆன்டிவைரஸ் வாங்கு, ஃபயர்வால் வாங்கு, ஆள் வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஆழமாகத் தெரியாது. பாஸ்வேர்டு மாற்றியது போதுமா? இல்லையென்றால் முதலில் எதைச் செய்ய வேண்டும்? இன்னொன்று, எங்கள் வரைபடங்கள் எல்லாம் ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, அது கிளவுடோடு தானாக சிங்க் ஆகிறது. அதைத்தான் பேக்கப் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் சொந்தப் புகைப்படங்களும் அதே அக்கவுண்டில்தான் இருக்கின்றன.

—

இரவுக்காவல் எழுதியது:

சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர், மெயில், சர்வர் எல்லாம் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. உங்களுக்கு நடந்ததை நான் இதுவரை நாலைந்து தடவை நேரில் பார்த்திருக்கிறேன், ஃபில்டர் உட்பட எல்லாம் இதே மாதிரிதான் இருக்கும். அதனால் பதற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு, சொல்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றியது போதாது. முதலில், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினீர்கள்? அந்தக் கம்ப்யூட்டரிலேயே தகவல் திருடும் மால்வேர் இருந்தால் புதுப் பாஸ்வேர்டும் அடுத்த நிமிடம் அவர்களிடம் போய்விடும். பாஸ்வேர்டே தெரியாமலும் உள்ளே வர முடியும். நாம் ஒருமுறை லாகின் செய்ததும் பிரவுசர் குக்கீ என்ற ஒரு அடையாளச் சீட்டை வைத்துக்கொள்கிறது இல்லையா, அதைத் திருடிவிட்டால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் இப்படித்தான் கைமாறியது. விளம்பரத்துக்காக வந்த மெயிலில் இருந்த, பிடிஎஃப் போலத் தெரிந்த ஃபைல் ஒன்றை ஊழியர் திறந்தார், அவ்வளவுதான். கம்ப்யூட்டரே தொழிலாக இருப்பவர்களுக்கு நடந்தது இது. நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அதனால் சந்தேகமில்லாத ஒரு கம்ப்யூட்டரில், முடிந்தால் புதிதாக ஃபார்மேட் செய்ததில், உட்கார்ந்து தொடங்குங்கள். அந்த ஃபில்டரை அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், லாகின் பதிவுகளையும் டவுன்லோடு செய்யுங்கள், புகாருக்கு அவைதான் சாட்சி. பிறகு எல்லாச் சாதனங்களில் இருந்தும் ஒரே அடியாக லாக்அவுட் செய்து, பாஸ்வேர்டை மறுபடி மாற்றுங்கள். அதோடு நிறுத்திவிடாமல் ஃபார்வர்டிங் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள், அது ஃபில்டரில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கும். மீட்பு மெயிலும் மீட்பு போன் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள், எண்ணை மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் நாளைக்கு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு கிளிக் போதும், திரும்ப வந்துவிடுவார்கள்.

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் அக்கவுண்டுக்கு அனுமதி கொடுக்கப்பட்ட வெளி ஆப்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒரு போலி ஆப்பைச் சேர்த்துவிட்டுப் போனால், நீங்கள் பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த அனுமதி பல நேரம் அப்படியே உயிரோடு இருக்கும், மெயிலைப் படித்துக்கொண்டே இருக்கும். தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். ஆப் பாஸ்வேர்டு என்று தனியாக ஏதாவது உருவாக்கப்பட்டிருந்தால் அதையும். ஆறு பேருடைய அக்கவுண்டிலும் இதைச் செய்ய வேண்டும், உங்களுடையதில் மட்டும் செய்தால் பயனில்லை, உங்கள் பெயரில் இருந்து மற்ற ஐந்து பேருக்கும் ஏதாவது லிங்க் போயிருக்கலாம்.

உங்களுக்கு வேலை தரும் எல்லோருக்கும் இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். மெயிலில் சொல்லாதீர்கள், போனில். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பதினாறு நாளில் அவர்கள் யாருடைய இன்வாய்ஸையெல்லாம் படித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

நான் ஏன் மெயிலிலேயே நிற்கிறேன் என்றால், மற்ற எல்லாக் கதவுகளின் சாவியும் அதில்தான் தொங்குகிறது. வங்கி, கிளவுட், டொமைன், சமூக ஊடகம் எதுவானாலும் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் மெயிலுக்குத்தான் வரும். 2012 ஆகஸ்டில் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு நடந்தது இதற்கு மறக்க முடியாத உதாரணம். அமேசானுக்கு போன் செய்து பேசியே அவருடைய கார்டின் கடைசி நாலு எண்களை எடுத்தார்கள், அந்த நாலு எண்ணைச் சொல்லி ஆப்பிள் அக்கவுண்டை வாங்கினார்கள், அதை வைத்து ஜிமெயிலுக்குள் போனார்கள். கடைசியில் அவருடைய போன், ஐபேட், லேப்டாப் மூன்றையும் தூரத்தில் இருந்தே அழித்தார்கள். அதில் அவர் குழந்தையின் முதல் வருடப் படங்கள் இருந்தன, பேக்கப் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய ட்விட்டர் பெயர் மட்டுமே. ஒன்றோடொன்று கோத்து வைத்த அக்கவுண்டுகள் அப்படித்தான் சரியும். உங்கள் சொந்தப் படங்களையும் ஆபீஸ் அக்கவுண்டையும் முதலில் பிரியுங்கள்.

—

பேரேடு எழுதியது:

கணக்கு எழுதுகிற பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. இரவுக்காவல் சொன்னது எல்லாம் சரி, ஆனால் நாளைக்கு உங்கள் மெயிலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும், உங்களுக்குப் பொருள் தருபவரின் மெயில் உடைந்தால் அதே கடிதம் உங்களுக்கு வரும். அப்போது ஏமாறப்போவது நீங்கள்.

எவால்டாஸ் ரிமசாஸ்கஸ் என்ற லிதுவேனிய ஆள், கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் பொருள் தரும் தைவான் நிறுவனத்தின் பெயரிலேயே வேறு நாட்டில் ஒரு கம்பெனி பதிவு செய்து, போலி இன்வாய்ஸ் அனுப்பி, 2013 முதல் 2015 வரை இருவரிடமும் சேர்த்து பத்துக் கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019-இல் ஐந்து வருடத் தண்டனை கிடைத்தது. அந்த இரண்டு நிறுவனத்திலும் பாதுகாப்புக்கு ஆள் இல்லையா, கருவி இல்லையா? பணம் அனுப்பும் இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை, அதுதான் ஓட்டை.

எங்கள் இடத்தில் ஒரே விதி. வங்கிக் கணக்கு மாறியது என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணுக்கு நாமே போன் செய்து, தெரிந்த குரலிடம் கேட்டு, தேதி போட்டு எழுதி வைத்த பிறகுதான் மாற்றம். மெயிலிலேயே ஒரு போன் எண் கொடுத்திருப்பார்கள், அதற்குக் கூப்பிடவே கூடாது. 'அவசரம், கூட்டத்தில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது' என்று முதலாளி பெயரில் வந்தாலும் இதே விதிதான். விதியை மீறச் சொல்லி முதலாளியே கேட்டாலும் மறுக்கலாம் என்று எங்கள் முதலாளி எழுத்தில் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் கையில் இருப்பதால்தான் புதிதாகச் சேர்ந்த பெண்கூட தைரியமாக 'கொஞ்சம் பொறுங்கள் சார்' என்று சொல்கிறாள்.

முகவரியையும் உற்றுப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் உங்கள் அக்கவுண்டில் இருந்தே போயிருக்கிறது. பல நேரம் ஒரு எழுத்து மட்டும் வித்தியாசமான டொமைனை, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை, வாங்கி அதிலிருந்து அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டு எழுத்தையும் ஒட்டிப் போட்டால் போன் திரையில் எம் மாதிரியே தெரியும். நானே ஒருமுறை மூன்று தடவை படித்தும் கண்டுபிடிக்கவில்லை.

—

சதுரங்கம் எழுதியது:

என்னுடைய கருத்து கொஞ்சம் வேறு. எங்கள் ஆபீஸில் மாதம் ஒருமுறை எல்லோரும் பாஸ்வேர்டு மாற்றியே ஆக வேண்டும், பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கட்டாயம். இத்தனை வருடத்தில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் என்று சொல்வார்கள் பாருங்கள், அதில் மட்டும் எனக்கு நம்பிக்கையே இல்லை. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரில் இருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகத்தையே நகலெடுத்துக்கொண்டு போனார்கள். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்துவிட்டுக் கூடையைக் கொண்டுபோய் அடுத்தவனிடம் கொடுப்பதா? நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதே மேல் என்பேன். ஓடிபி எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் மீதிக் கவலை இல்லை.

—

இரவுக்காவல் எழுதியது:

@சதுரங்கம், நோட்டு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு நானே நோட்டைத்தான் சொல்கிறேன், இணையத்தில் இருந்து யாரும் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால் மாதாமாதம் மாற்றுவது பற்றி நீங்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? கடைசியில் இருக்கும் 7-ஐ 8 ஆக்குகிறார்கள். அந்த வழக்கத்துக்கு அடிப்படையாக இருந்த 2003-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே, அதில் எழுதிய பலவற்றுக்காக வருந்துவதாக 2017-இல் சொன்னார். அதே வருடம், அந்தப் பழைய வழிகாட்டியை வெளியிட்ட என்ஐஎஸ்டி என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு புது வழிகாட்டியை வெளியிட்டது. கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டாக இருந்தால் ஏற்காதீர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

உண்மையான ஆபத்து ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் போடுவதுதான். வரைபலகைக்கு நடந்தது அது, 2012-இல் டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனத்துக்கு நடந்ததும் அதுவே. ஊழியர் ஒருவர் வேறு தளத்தில் போட்ட அதே பாஸ்வேர்டு வழியாக உள்ளே போனார்கள், 6.8 கோடிக்கு மேற்பட்ட அக்கவுண்டுகளின் விவரம் நாலு வருடம் கழித்து வெளியே வந்தது. ஒரு ஆளுக்கு நூறு அக்கவுண்டு இருக்கும் காலத்தில், நூறுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு மனப்பாடத்தில் நிற்காது. அதனால்தான் மேனேஜர். லாஸ்ட்பாஸ் பற்றி நீங்கள் சொன்னது நடந்தது, அதை மறைக்க மாட்டேன். போனவை பூட்டிய நிலையில் இருந்த பெட்டகங்கள், அதனால் மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. தளங்களின் முகவரிகள் பூட்டாமலே இருந்தன, அது அவர்கள் செய்த பெரிய பிழை. இதில் இருந்து நான் கற்றுக்கொண்டது, மாஸ்டர் பாஸ்வேர்டை ஐந்தாறு சம்பந்தமில்லாத சொற்களைக் கோத்து நீளமாக வைக்க வேண்டும் என்பது. பிட்வார்டன், கீபாஸ் மாதிரி உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கக்கூடியதாக இருப்பவற்றை எடுங்கள். வெளியே போகவே கூடாது என்று நினைத்தால் கீபாஸ் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

உங்கள் பாஸ்வேர்டு கசிந்திருக்கிறதா என்று பார்க்க, டிராய் ஹன்ட் என்பவர் 2013-இல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. பாஸ்வேர்டை அங்கே கொடுப்பதா என்று பயப்படுவார்கள். முழுப் பாஸ்வேர்டு அங்கே போவதில்லை, அதை ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் நீண்ட எண்ணின் முதல் ஐந்து எழுத்து மட்டும் போகும், மீதி ஒப்பீடு உங்கள் பிரவுசரிலேயே நடக்கும்.

அப்புறம் ஓடிபி. இல்லாததற்கு எஸ்எம்எஸ் ஓடிபி எவ்வளவோ மேல், ஆனால் அதோடு கவலை விட்டது என்று சொல்லாதீர்கள். போலி லாகின் பக்கம் உங்களிடம் ஓடிபியையும் கேட்கும், நீங்கள் தட்டியதும் அதை நிஜப் பக்கத்தில் தட்டி உள்ளே போய்விடுவார்கள். ஆப்பில் முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணுக்கும் இதே கதிதான். 2022-இல் ட்விலியோ, கிளவுட்ஃபிளேர் இரண்டு நிறுவன ஊழியர்களுக்கும் ஒரே மாதிரி போலி எஸ்எம்எஸ் வந்தது. ட்விலியோவில் உள்ளே போய்விட்டார்கள். கிளவுட்ஃபிளேரிலும் மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள், ஆனாலும் உள்ளே போக முடியவில்லை. காரணம், அங்கே எல்லோரிடமும் யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இருந்தது. அந்தச் சாவி தான் பதிவான தளத்தின் முகவரியைச் சரிபார்த்துத்தான் பதில் சொல்லும், பக்கம் போலி என்றால் மனிதன் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. இப்போது போன்களிலேயே வரும், பாஸ்வேர்டுக்குப் பதிலான பாஸ்கீயும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. வரைபலகை, ஆறு பேருக்கும் முடியாவிட்டாலும், அட்மின் அக்கவுண்டுக்கும் கணக்கு பார்ப்பவருக்கும் ஆளுக்கு இரண்டு சாவி வாங்கிவிடுங்கள். இரண்டு ஏன் என்றால் ஒன்று தொலைந்தால் நீங்களே வெளியே நிற்க வேண்டியதாகிவிடும்.

—

ஈரமண் எழுதியது:

பாஸ்வேர்டு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் நண்பர் கடைசியில் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சிங்க் ஆவதைப் பேக்கப் என்று நினைத்திருந்தேன் என்றாரே, அதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

நான் புகைப்படக்காரன். ஒன்பது வருடப் படங்களை ஒரே காலையில் இழந்தவன். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு மிரட்டல் கடிதம். ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மால்வேர். பேக்கப் ஹார்டு டிஸ்க் வைத்திருந்தேன், ஆனால் அதைக் கழற்றுவதற்குச் சோம்பல்பட்டு எப்போதும் செருகியே வைத்திருந்தேன். அதையும் பூட்டிவிட்டது. கிளவுடில் இருந்ததற்கும் பூட்டிய ஃபைல்களே சிங்க் ஆகிவிட்டன. பழைய பதிப்புகளை முப்பது நாள் வரை திரும்ப எடுக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது, தெரிய வந்தபோது நாள் கடந்துவிட்டது. பணம் கட்டவில்லை. ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் சில வகை ரான்சம்வேருக்குப் பூட்டைத் திறக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கும், எனக்கு வந்த வகைக்கு அப்போது இல்லை. பூட்டிய ஃபைல்களை இன்னும் ஒரு டிஸ்கில் வைத்திருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். அந்தப் படங்களில் இருப்பவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் வீட்டில் இருந்து படம் கேட்டு போன் வரும்போது என்ன சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதனால் சொல்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு விதி உண்டு, அதைப் பிரபலமாக்கிய பீட்டர் க்ரோவும் ஒரு புகைப்படக்காரர்தான். அதோடு நான் சேர்ப்பது, ஒரு பிரதியாவது எந்த வயரிலும் எந்த நெட்வொர்க்கிலும் இல்லாமல் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற மால்வேர் தாக்கியபோது மெர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் நிறுவனத்தின் 45,000 கம்ப்யூட்டரையும் 4,000 சர்வரையும் திரும்ப நிறுவ வேண்டி வந்தது. யார் யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் மையப் பதிவு உலகம் முழுக்க இருந்த அவர்களுடைய சர்வர்களில் அழிந்துவிட்டது, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததால் அது நெட்வொர்க்கில் இல்லை, அதனால் பிழைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் தற்செயலாக நடந்த ஒரு மின்வெட்டால் மீண்டது. நாம் வேண்டுமென்றே ஒரு டிஸ்கைக் கழற்றி வைக்கலாம், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேறு இடத்தில் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் அக்கவுண்டுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான். அவனை வெளியேற்றப் பார்த்தார்கள், அவன் எல்லாவற்றையும் அழித்தான், பேக்கப்பையும் சேர்த்து. ஏனென்றால் பேக்கப்பும் அவன் கையில் சிக்கிய அதே கட்டுப்பாட்டுக்குள்தான் இருந்தது. அதோடு அந்தத் தொழிலே மூடப்பட்டது. உங்கள் பேக்கப்பின் பாஸ்வேர்டும் நீங்கள் தினமும் லாகின் செய்கிற பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கும் அதே நிலைமைதான்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எடுத்த பேக்கப்பை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திரும்பப் போட்டு, திறந்து பாருங்கள். கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று களைத்துப்போன ஒரு ஊழியர் தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்க ஐந்து வழி வைத்திருந்தார்கள், ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஒருவர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது.

—

வரைபலகை எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஈரமண், உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாளாக இதே வேலைதான். இரவுக்காவல் சொன்ன வெளி ஆப் பட்டியலில் நான் அனுமதி கொடுக்காத ஒன்று இருந்தது, மெயில் முழுவதையும் படிக்கும் அனுமதியோடு. நான் பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்கினேன். இன்னொருவர் அக்கவுண்டிலும் அதே ஆப் இருந்தது. வாடிக்கையாளர்கள் இருபத்திரண்டு பேருக்கும் போன் செய்தேன், ஒருவர்கூடக் கோபப்படவில்லை. இரண்டு பேர் தங்களுக்கும் அப்படி ஒரு மெயில் வந்ததாகவும், பணம் அனுப்புவதற்காக வைத்திருந்ததாகவும் சொன்னார்கள். அந்தப் போனை ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. பேரேடு சொன்ன விதியையும் எழுதி, நான் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

பேக்கப்பைத் திரும்பப் போட்டும் பார்த்தேன். நல்ல வேளை பார்த்தேன். ஒரு புது டிஸ்கில் வரைபடங்களை எடுத்து, வேறு ஒரு லேப்டாப்பில் திறந்தால், சுவர் இருக்கிறது, தூண்கள் இல்லை. எங்கள் வரைபடம் ஒவ்வொன்றும் வேறு பல வரைபடங்களை உள்ளே இழுத்துக் காட்டும். அந்த வேறு வரைபடங்கள் ஒருவருடைய கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் இருந்திருக்கின்றன, நான் பேக்கப் எடுத்த ஃபோல்டரில் இல்லை. ஃபைல்களை எண்ணிப் பார்த்திருந்தால் எல்லாம் இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். இப்போது எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவந்து, பாதைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம், ஒன்று எப்போதும் ஆபீசுக்கு வெளியே கழற்றிய நிலையில்.

இன்னும் ஒரு கேள்வி. அட்மின் பக்கத்தில் பார்த்தபோது, ஒரு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் அக்கவுண்டு இன்னும் திறந்தே இருக்கிறது. நல்ல மனிதர், இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவருடைய பழைய மெயில்கள் தேவைப்படும் என்பதால் விட்டு வைத்தேன். அது பிரச்சினையா?

—

இரவுக்காவல் எழுதியது:

பிரச்சினைதான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். யாரும் பார்க்காத அக்கவுண்டில் யாராவது நுழைந்தால் கவனிக்க ஆளில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாயை நாள்கணக்கில் நிறுத்த வேண்டி வந்ததே, அதற்குள் நுழைந்த வழி யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் அக்கவுண்டு, அதாவது வெளியில் இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர உதவும் அக்கவுண்டு. பாஸ்வேர்டு கசிந்திருந்தது, இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது.

உடனே அழித்துவிடாதீர்கள், சில சேவைகளில் அக்கவுண்டை அழித்தால் மெயிலும் சேர்ந்து போய்விடும். முதலில் லாகினை முடக்குங்கள், மெயில்களை எக்ஸ்போர்ட் செய்து அந்தக் கழற்றி வைக்கும் டிஸ்கில் போடுங்கள், அவர் முகவரிக்கு வருவது உங்களில் ஒருவருக்கு வரும்படி செய்யுங்கள், அதன் பிறகு மூடுங்கள். அவருக்குத் தெரிந்திருந்த பொதுப் பாஸ்வேர்டுகள், ரவுட்டர், வைஃபை, பிரின்டர் எல்லாம் இருக்கும், அவற்றையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ரவுட்டரைத் திறந்ததும் அதன் மென்பொருளுக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், பல அலுவலகங்களில் வாங்கிய நாளுக்குப் பிறகு அதை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

அந்த வெளி ஆப்பின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் புகாரோடு சேர்த்துக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் நாளைக்குக் காலையிலேயே போய்க் கொடுத்துவிடுங்கள். பணம் போன வங்கிக்கும் ஒரு பிரதி போகட்டும்.

—

வரைபலகை எழுதியது:

கொடுக்கவில்லை. காலையில் முதல் வேலை அதுதான். லாகினை இப்போதே முடக்கிவிட்டேன், அவருக்கும் போன் செய்து காரணத்தைச் சொன்னேன். அவரும் அதே பாஸ்வேர்டை வேறு இரண்டு இடத்தில் வைத்திருக்கிறாராம், இந்தத் திரியின் லிங்கைக் கேட்டார், அனுப்பியிருக்கிறேன்.